முள்ளிக் கணவாய்த் துப்பாக்கியின் பொருட்டு எழுதிய கடைசி ஓலை

பாறைகள் புரளும் ஓசைக்கு நடுவே இவ்வோலை எழுதப்படுகிறது. கணவாயின் வடக்கு வாயை ஆணும் பெண்ணுமாகத் தோள்கொடுத்து அடைத்துக்கொண்டிருக்கிறார்கள். இதைக் கொண்டுவரும் குதிரைக்காரன் சேணத்தை விட்டு இறங்காமலே என் எதிரில் காத்து நிற்கிறான். ஆகவே வாழ்த்துரையில் குறை நேர்ந்தால் பொறுத்தருள்க.

ஆறு பாயும் நிலமெல்லாம் தம் குடைக்கீழ்க் கொண்டு வேழமங்கலத்து அரியணையில் வீற்றிருக்கும் குலமாமணித் தேவரின் வலக்கையாக விளங்குபவரும், வாளை உறையில் வைத்துச் சொல்லால் கோட்டை பிடிப்பவர் என்று புலவர் பாடும் புகழ் உடையவரும் ஆகிய பேரமைச்சர் மதிவாணராயர் அவர்களின் திருமுன்பு, முள்ளிக் கணவாய்க் காவற்குடியில் பிறந்த உலகாயி நாச்சியார் வணங்கி எழுதும் ஓலை. தங்கள் தலைநகரின் மாடங்கள் நிமிர்ந்து நிற்க. சந்தைகள் நிறைக. கதவைத் தாழிடாமலே தங்கள் குடிமக்களுக்கு உறக்கம் வருக. எங்கள் குடிமக்களின் உறக்கத்தைப் பற்றியதுதான் இவ்வோலை.

இதே பொருள்பற்றி இதற்கு முன் தங்களுக்கு வந்த ஓலைகள் அனைத்தையும் என் தமையனார் மாவலிராயர் எழுதினார். இதை நான் எழுதுகிறேன். காரணத்தை உரிய இடத்தில் சொல்வேன். துப்பாக்கியைத் திருப்பித் தருக என்று கேட்டு இனி எங்களிடமிருந்து ஓலை வராது என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தங்களுக்குப் பல அலுவல் இருக்கும். மறந்திருக்கலாம். நினைவூட்டுவது என் கடன்.

முள்ளிக் கணவாயைக் காக்கும் உரிமையையும், மலைநாடு முழுவதற்கும் ஒன்றேயான துப்பாக்கியையும் அரசர் எங்கள் குடிக்கு ஒரே சாசனத்தால் அளித்தார். காவலன் ஓர் இரவும் கணவாயை விட்டு நீங்கலாகாது, நீங்கினால் அது அரசத் துரோகம் என்பது அச்சாசனத்தின் ஒரு விதி. துப்பாக்கி காவலன் கையிலன்றி வேறெவர் கையிலும் இருக்கலாகாது என்பது இன்னொரு விதி. இரண்டையும் என் தமையனார் மீறியதில்லை. அவர் திருமணம்கூடப் பாறைமேல்தான் நடந்தது. பெண்வீட்டார் மூச்சிரைக்க ஏறி வந்து, இப்படி ஒரு மாப்பிள்ளையா என்று திட்டிக்கொண்டே தாலி எடுத்துக் கொடுத்தார்கள்.

சென்ற அறுவடையின்போது வடகாட்டுக் கொள்ளையர் உப்பு வண்டிகளின்மேல் விழுந்தார்கள். அவர்களுக்குத் தலைவன் கீரிப்பல்லன் என்று பெயர் பெற்றவன். அவனுடைய தம்பி ஒரு வண்டிக்காரரின் கழுத்தில் கத்தியை வைத்தபோது என் தமையனார் சுட்டார். வண்டிக்காரர் பிழைத்தார், தம்பி விழுந்தான், மற்றவர்கள் ஓடினார்கள். உயிர் குடித்த ஆயுதம் எவருடையதாயினும் விசாரணை முடியும்வரை தலைநகரின் சான்றுக் கொட்டடியில் சிறையிருக்க வேண்டும் என்பது நம் நாட்டு முறை. கொட்டடிக் காவலர் வந்து கேட்டார்கள். என் தமையனார் மறுபேச்சின்றித் துப்பாக்கியைத் துடைத்து, உறையிட்டு, தம் கையாலேயே கொடுத்தார். சிவப்பு நூல் சுற்றி அரக்கு முத்திரை இட்டு அவர்கள் கொண்டுபோனார்கள்.

மழைக்காலம் முடிவதற்குள் நியாயசபை கூடிற்று. மலையேறி வந்து சாட்சிகளைக் கேட்ட நியாயாதிபதி, மாவலிராயன் செய்தது காவற்கடமை, அவன்மேல் பழியில்லை, அவனை விடுவிக்க என்று தீர்ப்பு எழுதினார். ஊரே பொங்கல் வைத்தது. துப்பாக்கி மறுவாரம் வரும் என்று அதை மாட்டும் முளையைக்கூட என் தமையனார் புதிதாக அடித்து வைத்தார்.

வரவில்லை. அவர் கணவாயை விட்டு நீங்க முடியாதாகையால் நான் தலைநகருக்கு இறங்கிப் போனேன்.

சான்றுக் கொட்டடித் தலைவர் வடுகநாதனாரைத் தாங்கள் அறிவீர்கள். தங்கள் அவையில் பட்டு விரிப்பில் உட்காருபவர். என்னையும் மரியாதையாகத்தான் உட்காரவைத்தார், மோர் தரச் சொன்னார். பிறகு தீர்ப்பின் படியை எடுத்து என் முன் விரித்தார். “நாச்சியாரே, நல்லா வாசிச்சுப் பாருங்க. மாவலிராயனை விடுன்னு இருக்கு. துப்பாக்கியை விடுன்னு எங்க இருக்கு?” என்றார்.

ஆளை விடுவித்த தீர்ப்பில் ஆயுதத்தின் பெயர் இல்லையாம். ஆகவே ஆயுதத்துக்குத் தனி வழக்காம். அவ்வழக்கு ஏற்கெனவே தொடங்கிவிட்டது என்பதையும் அன்றுதான் அறிந்தேன். நியாயசபையின் வாயிலில் நின்று கட்டியக்காரன், முள்ளிக் கணவாய்த் துப்பாக்கி வந்திருக்கிறதா என்று மும்முறை கூவினானாம். துப்பாக்கி விடை சொல்லவில்லையாம். எதிரி பேசாமையால் வழக்கு ஒத்திவைக்கப்பட்டதாம். பேரமைச்சர் அவர்களே, இதை நான் கேலியாக எழுதவில்லை. அவர்கள் கேலியாகச் சொல்லவும் இல்லை.

அப்படியாயின் துப்பாக்கிக்காக நான் பேசுகிறேன் என்றேன். சாசனத்தில் பெயர் உள்ளவரே பேசலாம், அவர் நேரில் வர வேண்டும் என்றார். அவர் நேரில் வந்தால் அதே சாசனப்படி துரோகியாவாரே என்றேன். அது கணவாய்த் துறையின் பாடு, கொட்டடித் துறையின் பாடல்ல என்றார். நல்லது, கண்ணாலாவது பார்த்துவிட்டுப் போகிறேன் என்று எழுந்தேன். அவருடைய கணக்கர் குறுக்கே வந்து, “கைதி எண்ணெய்க் குளியல்ல இருக்கு தாயீ, இன்னிக்குப் பாக்க முடியாது” என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். சிறையிலிருக்கும் மனிதனுக்குப் படியரிசி போல, சிறையிலிருக்கும் துப்பாக்கிக்கு அரண்மனைப் பண்டசாலையிலிருந்து நல்லெண்ணெய் அளக்கிறார்கள். அந்த எண்ணெயில் கணக்கர் வீட்டுத் தாளிப்பு மணக்கிறது என்று வாயிற்காவலன் சொன்னதைச் சான்றின்றி நான் நம்பவில்லை.

எங்கள் நிலையை எடுத்துச் சொன்னேன். வேலுக்கும் கவணுக்கும் வடகாட்டார் அஞ்சுவதில்லை, அந்த ஒரு வெடிச்சத்தத்துக்கே அஞ்சுகிறார்கள், தம்பியை இழந்த கீரிப்பல்லன் பழிதீர்க்கக் காத்திருக்கிறான், கணவாய் திறந்தால் கீழே இருக்கும் ஊர்கள் அத்தனையும் திறந்த வீடுகள் என்றேன். வடுகநாதனார் பொறுமையாகக் கேட்டார். பிறகு அவர் சொன்னதை நான் மறக்கவில்லை, தாங்களும் மறவாதிருக்கவே அப்படியே எழுதுகிறேன். “ஒண்ணு, அவர் வரணும். இல்லே, அவர் இல்லாமப் போகணும். இருக்கிறவர் பொருளை இன்னொருத்தர் கையில குடுக்க எனக்கு அதிகாரமில்லே.”

மலைக்குத் திரும்பி இதைச் சொன்னபோது என் தமையனார் கோபிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரித்தார். “போனாத் துரோகி, போகலேன்னா வெறுங்கை. ரெண்டுல எது கௌரவம்னு அமைச்சரையே கேட்போம்” என்று சொல்லித் தங்களுக்கு ஓலை எழுத உட்கார்ந்தார். தங்கள் மறுமொழி நெடுநாளைக்குப் பின் வந்தது. உரியது உரியவர்க்கு உரிய காலத்தில் சேரும் என்று அழகாக எழுதியிருந்தீர்கள். என் தமையனார் மீண்டும் எழுதினார். அதே மறுமொழி மீண்டும் வந்தது, எழுத்து மட்டும் வேறு கையுடையது.

ஆகவே அவர் தமக்குத் தெரிந்த வழியைப் பார்த்தார். பனங்கட்டையைச் செதுக்கித் துப்பாக்கி போல ஒன்று செய்து கரி பூசினார். அதன் மேல் நிஜத் திரியைக் கட்டிக் கனல் தெரியும்படி பற்றவைத்துப் பாறையின் உச்சியில் நின்றார். கீழே ஒளிந்திருந்து நாங்கள் மூங்கிற்குழாயில் மருந்து கெட்டித்து வெடித்தோம். தூரத்திலிருந்து பார்த்தவனுக்குப் புகையும் தெரியும், சத்தமும் கேட்கும். அரசரின் காவலர் மரத்துண்டைப் பிடித்துக்கொண்டு அரசரின் கணவாயைக் காத்தார். அண்ணி மட்டும், “விறகைக் காட்டி ஊரை மிரட்டுற ஆம்பளை உலகத்துலயே இவர் ஒருத்தர்தான்” என்பார். பெண்கள் சிரிப்பார்கள், என் தமையனாரும் சிரிப்பார். கோடை முழுவதும் கொள்ளையர் தலை காட்டவில்லை. உப்பு வண்டிகள் குறைவின்றி வந்தன. தங்கள் அடுக்களைக்கும் வந்திருக்கும்.

நேற்று வந்தார்கள்.

உச்சிப்பொழுதில், மறைவின்றி, நடுவழியில் பாடிக்கொண்டு வந்தார்கள். அப்படி அவர்கள் வந்ததேயில்லை. என் தமையனார் பாறைமேல் ஏறித் திரியை ஊதிக் கனலவைத்தார். அவர்கள் நிற்கவில்லை. நாங்கள் மூங்கிலை வெடித்தோம். அவர்கள் ஓடவில்லை. அவர்களில் ஒருவன் சிரித்ததுகூட எனக்குக் கேட்டது. பயம் போய்விட்டது அவர்களுக்கு. எப்படிப் போயிற்று என்று எண்ணி முடிக்குமுன் கீழிருந்து ஒரு வெடி எழுந்தது.

எங்கள் மூங்கிலின் ஓசையல்ல அது. பிறந்த நாள் முதல் நாங்கள் இருவரும் கேட்டு வளர்ந்த ஓசை. என் தமையனார் என் பக்கம் திரும்பினார். மார்பில் கைவைத்துக்கொண்டு, “உலகா, இது நம்ம வெடி” என்றார். அதற்குமேல் அவர் பேசவில்லை.

ஆக, மாவலிராயர் இல்லாமற் போய்விட்டார். கொட்டடித் தலைவர் விதித்த இரண்டில் ஒன்று நிறைவேறியது. சாசனப்படி இன்று முள்ளிக் கணவாயின் காவல் என்னுடையது. இவ்வோலையை நான் எழுதுவதன் காரணம் அதுவே.

சுட்டவன் மறுமுறை மருந்து கெட்டிக்க அவகாசம் பெறவில்லை. அண்ணி பாறையிலிருந்து இறங்கி ஓடியதையும், அவர் பின்னே கவண்கற்கள் மழைபோல் போனதையும் பாடப் புலவர் எவரும் எங்களிடம் இல்லை. சுட்டவன் விழுந்தான், ஒருவன் பிடிபட்டான், கீரிப்பல்லனும் மற்றவர்களும் காட்டுக்குள் பின்வாங்கினார்கள். துப்பாக்கியை அண்ணி கொண்டுவந்து என் முன் வைத்தார். அதன் கட்டையில் சிவப்பு நூல் அறுந்து தொங்குகிறது. சான்றுக் கொட்டடியின் அரக்கு முத்திரை பாதி உடைந்து இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எண்ணெய் நன்றாகவே இட்டிருக்கிறார்கள்.

பேரமைச்சர் அவர்களே, கணவாய்க் காவலின் உரிமையால் நான் சொல்வன இவை.

தாங்கள் துப்பாக்கியைத் திருப்பி அனுப்ப வேண்டா. அது என் மடியில் இருக்கிறது. உயிர் குடித்த ஆயுதம் விசாரணை முடியும்வரை சான்றுப்பொருள் என்பது நம் நாட்டு முறையாகையால் அதை இங்கேயே சிறைவைத்திருக்கிறேன். கைதி வேலை செய்யலாகாது என்று சட்டம் இல்லை. கீரிப்பல்லன் மாலைக்குள் திரும்புவான் என்று எதிர்பார்ப்பதால் இக்கைதியைக் கணவாயின் வாயிலில் கடுங்காவல் வேலைக்கு இட்டிருக்கிறேன். இப்போது மருந்து கெட்டித்தாயிற்று.

இதை மீண்டும் கொட்டடிக்கு ஒப்படைக்குமாறு ஓலை வந்தால் ஒப்படைக்க மாட்டேன். கேட்க விரும்புபவர் வடுகநாதனாராயின் அவர் நேரில் வரட்டும். என்னால் இறங்கி வர இயலாது, ஓர் இரவும் நீங்கலாகாது. பாதையில் அவருக்குத் தீங்கு நேராது என்று உறுதி கூறுகிறேன், ஏனெனில் பாதையை இப்போது காப்பது அவர் எண்ணெய் இட்ட துப்பாக்கி. என் தமையனாரின் சாம்பல் சூடாறுமுன் அவர் பாறையடியில் நின்று, கேட்பதற்கெல்லாம் விடை சொல்ல வேண்டும். தாங்கள் அவரை அனுப்பவில்லையாயின் உப்பு வண்டிகள் இனி இவ்வழியே இறங்கா. இது வேண்டுகோள் அன்று.

தங்கள் குடை நிழல் குறையாதிருக்க. அந்நிழல் மலைக்கும் ஒருநாள் எட்டுக. என் தமையனாரின் விரலிலிருந்து கழற்றிய கணையாழியால் இதில் முத்திரை இடப்படுகிறது. உடைக்கும் கை தங்களுடையதாக மட்டுமே இருக்க வேண்டும்.

அரக்கு உருகுவதற்குள் ஒன்று எஞ்சியிருக்கிறது. பிடிபட்டவனை நானே விசாரித்தேன். அடிக்கவில்லை. கொட்டடியின் பூட்டை உடைத்தீர்களா, சுவரைத் துளைத்தீர்களா, அங்கே எவரைக் கொன்று இதைத் திருடினீர்கள் என்று கேட்டேன். அவன் நான் கேட்டது விளங்காதவன்போல என்னைப் பார்த்தான்.

“திருடலைங்க நாச்சியாரே. பட்டப்பகல்ல போனோம். ஒரு சுமை சந்தனக்கட்டையை இறக்கிவச்சிட்டுக் கேட்டோம். குடுத்துட்டாங்க.”