குடும்பத் தலைவரின் வருமானம்

குட்டியின் அப்பாவுக்கு, குட்டியின் அம்மா எழுதுவது.

இன்றைய தேதிக்கு நாங்கள் இருவரும் நலம். இருபதாம் தேதிக்குப் பிறகு எப்படி இருப்போம் என்று தெரியாததால்தான் இந்தக் கடிதம். மூன்று வாரமாக நீங்கள் போனை எடுக்கவில்லை. தொழிற்சாலை விலாசத்துக்கு எழுதாமல், உங்கள் சிநேகிதர் கண்ணாடிக்காரர் அறைக்கு ஏன் எழுதுகிறேன் என்று யோசிப்பீர்கள். பொறுமையாகப் படியுங்கள், சொல்கிறேன்.

போன வாரம் கரண்ட் ஆபீஸ்காரர் ஏணியோடு வந்துவிட்டார். நான்கு மாத பாக்கி. நான் சலவைக் கடையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். கீழ்வீட்டுத் தையல்காரம்மாதான் அவர் கையைப் பிடிக்காத குறையாக நிறுத்தி, எனக்கு ஆள் அனுப்பினார். ஓடி வந்து பிரிட்ஜைத் திறந்து காட்டினேன். முட்டை வைக்கும் தட்டில் குட்டியின் இன்சுலின் பெட்டிகள். ஆஸ்பத்திரியில் இரண்டு மாதத்துக்கானதை அப்போதுதான் கொடுத்திருந்தார்கள். இந்த வெயிலில் வெளியே வைத்தால் அத்தனையும் வீண். அவருக்கும் பிள்ளைகள் இருக்கும் போல. "இருவதாம் தேதி வரைக்கும் விடுறேன்மா, அதுக்கு மேல என் கையில இல்ல" என்று சொல்லிவிட்டு மீட்டர் பெட்டி மேல் ஒரு சிவப்புத் தாளை ஒட்டிவிட்டுப் போனார். மாடிக்குப் போகிற வருகிற எல்லோரும் அதை நின்று படிக்கிறார்கள்.

வருமானம் குறைந்த குடும்பங்களுக்குக் கரண்ட் பாக்கியில் பாதியை நலத்துறை ஆபீஸே கட்டுமாம், மீதியைப் பத்து மாதத் தவணையாகப் பிரித்துத் தருவார்களாம். தையல்காரம்மா அப்படித்தான் தன் வீட்டு விளக்கைக் காப்பாற்றினாராம். மறுநாளே போனேன். வரிசையில் எனக்குப் பின்னால் யார் நின்றது தெரியுமா? எதிர்வீட்டு அக்கா. என் தோளுக்கு மேலாக எட்டி எட்டிப் பார்க்கிறாள். படிவத்தில் 'குடும்பத் தலைவரின் மாத வருமானம்' என்று ஒரு கட்டம். நீங்கள் சூப்பர்வைசர் ஆகிவிட்டதாகப் போனில் சொன்னீர்களே, அந்தச் சம்பளத்தை முழுசாக, பெரிய பெரிய எழுத்தில் எழுதினேன். உதவி கேட்டு நிற்கிற இடத்தில் போய் உங்கள் பெருமையைப் பறைசாற்றியவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். எதிர்வீட்டு அக்காவின் முகம் சுருங்கியதில் எனக்கு ஒரு நிமிடம் பரம திருப்தி, மறைக்காமல் சொல்கிறேன்.

அந்தத் திருப்தி கவுன்டர் வரைக்கும்தான் வந்தது. "இவ்வளவு சம்பளம் வாங்குறவரால கரண்ட் பில் கட்ட முடியலையாம்மா?" என்று அதிகாரி கேட்டார். பின்னால் யாரோ சிரித்தார்கள். அந்தப் பணம் வீட்டுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது என்றேன். "அப்ப எது பொய், எழுதினதா, சொல்றதா?" என்றார். கடைசியில் அவரே இரங்கி, கம்பெனியிலிருந்து சம்பளச் சான்று வாங்கி வந்தால் படிவத்தைத் திருத்திக்கொள்ளலாம் என்றார்.

அதற்காகத்தான் உங்கள் தொழிற்சாலைக்குப் போன் செய்தேன். உங்களை வேவு பார்க்க இல்லை. எடுத்தது ஒரு பெண். மரியாதையாகத்தான் பேசினாள். "அவர் அஞ்சு மாசம் முன்னாடியே கணக்கு முடிச்சுட்டுப் போயிட்டாரே, உங்களுக்குத் தெரியாதா?" என்றாள். தெரியும், சும்மா கேட்டேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். பிறகு கண்ணாடிக்காரரைப் பிடித்தேன். அவர் முதலில் மென்று விழுங்கினார். நான் விடவில்லை. நீங்கள் இருந்த பிரிவையே மூடி, எல்லோரையும் அனுப்பிவிட்டார்கள் என்றார். நீங்கள் சந்தையில் மூட்டை இறக்கப் போவதாகவும், வாரத்தில் பாதி நாள் அதுவும் கிடைப்பதில்லை என்றும், இப்போது தன் அறையில்தான் தங்குகிறீர்கள் என்றும் சொன்னார். உங்களுக்கு இடுப்பு வலி உண்டே என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. கோபம் அப்புறம்தான் வந்தது. நன்றாகவே வந்தது. இரண்டு நாள் உங்களைத் திட்டிக்கொண்டே இஸ்திரி போட்டதில் ஒரு சட்டைக் காலரைத் தீய்த்துவிட்டேன்.

குட்டியிடம் எதையும் சொல்லவில்லை. ஆனால் எட்டு வயதுக்கு அவளுக்குக் காது அதிகம். தானாகவே தெருமுனைச் சோடாக் கடைக்காரரிடம் போய், அவருடைய ஐஸ் பெட்டியில் பாட்டில்களுக்கு நடுவே தன் மருந்தை வைக்க இடம் தருவாரா என்று கேட்டு வந்திருக்கிறாள். தருகிறாராம், ஞாயிற்றுக்கிழமை மட்டும் கடை கிடையாதாம். "ஞாயித்துக்கெழம ஊசி வேணாம்மா, நான் ஒண்ணும் சாப்பிடாம இருந்துக்கறேன்" என்கிறாள். அதைக் கேட்டபின் எனக்கு வெட்கம் மானம் எல்லாம் போய்விட்டது.

நேற்று மறுபடி ஆபீசுக்குப் போனேன். இந்த முறை எதிர்வீட்டு அக்கா இருந்தாளா என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரருக்கு வேலை போய்விட்டது என்று சத்தமாகவே சொன்னேன். அதிகாரி படிவத்தை எடுத்துத் தனியே வைத்தார். ஆனால் என் வாய்ச்சொல் போதாதாம். நீங்கள் கைப்பட எழுதிக் கையெழுத்திட்ட தாள் பத்தொன்பதாம் தேதிக்குள் அவர் மேசைக்கு வர வேண்டும்.

உங்களுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். என்னிடமே சொல்ல முடியாததை, முன்பின் தெரியாத ஒருவருக்கு எழுதச் சொல்கிறேன். 'எனக்கு ஐந்து மாதமாக வேலை இல்லை.' அவ்வளவுதான். காரணம், விளக்கம், மன்னிப்பு எதுவும் தேவையில்லை என்றார். எனக்கும் தேவையில்லை.

தபாலில் அனுப்பினால் நான்கு நாள் ஆகும். நீங்களே நேரில் கொண்டுவந்து கொடுத்தாலும் வாங்கிக்கொள்வாராம். கேட்டு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
இன்னும் உங்கள் மேல் கொஞ்சம் கோபமாக இருக்கிற,
குட்டியின் அம்மா