சோதனைக்காகப் பிறந்த சித்தப்பா

மார்ச் 3

உலக மக்களுக்கு ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்வது: எங்கள் வீட்டு மடிக்கணினியின் ஸ்பேஸ் பட்டன் இன்று காலை ஏழே முக்காலுக்குக் கழன்று விழுந்து, சோபாவுக்கடியில் நல்லடக்கமானது. அன்னாரை இழந்து வாடும் அதே இயந்திரத்தில்தான் நான் எங்கள் வம்சத்தைத் தேடப்போகிறேன்.

காரணம் சிரிக்கிற மாதிரி இல்லை. அப்பாவின் ரத்தம் கெட்டுவிட்டது. எலும்பு மஜ்ஜை மாற்ற வேண்டும். "கூடப் பிறந்தவங்க இருந்தா முழுசாப் பொருந்த வாய்ப்பு இருக்கு. பிள்ளைங்களோடது பாதிதான் பொருந்தும்" என்றார் டாக்டர். கூடப் பிறந்தவர்கள் உண்டா என்று அப்பாவுக்கே தெரியாது. மூன்று வயதில் குழந்தைகள் இல்லத்தில் விடப்பட்டவர். அங்குள்ள பதிவேட்டில் தாய், தகப்பன் பெயர் மட்டும் இருக்கிறது.

அந்த இரண்டு பெயரை வைத்துத் தேட, வம்ச மரம் வரையும் மென்பொருள் வேண்டும். தேர்ந்தெடுக்கும் பொறுப்பு எனக்கு.

"மரம்னதும் குரங்கைக் கூப்பிட்டாச்சு" என்றாள் அக்கா.

"கீழ நின்னு குரைக்கிறவங்களை ஏத்த முடியாதே" என்றேன்.

மார்ச் 5

மூன்று மென்பொருள்கள். முதலாவது கல்யாணப் பத்திரிகை மாதிரி மரம் வரையும். ஆனால் நம் கணினியைத் தாண்டி எட்டிப் பார்க்காது. இரண்டாவதில் நாம் சம்மதித்தால் நம் மரத்தை ஊரே பார்க்கலாம். மூன்றாவதுக்கு ஆந்தைப் படம். அது பிற மென்பொருள்களில் மற்றவர்கள் போட்ட மரங்களையெல்லாம் சுற்றி வந்து, நம் ஆட்கள் இருந்தால் சொல்லும். ஒரு மாதம் இலவசம்.

இரண்டாவதைச் சோதிக்கப் பொய்ப் பெயரில் ஒரு கணக்கு திறந்தேன். மரத்தில் மட்டும் உண்மைப் பெயர்கள்: தாத்தா, பாட்டி, அப்பா. அப்பாவுக்கு இரண்டு வயது இளைய தம்பி ஒருவரையும் பெற்றுப் போட்டேன். தொழில்: அடுக்குமாடி லிஃப்டில் எல்லா பட்டனையும் அழுத்திவிட்டு ஓடுபவர். அப்பா லிஃப்ட் மெக்கானிக். அண்ணனுக்கு வேலை குறையாமல் பார்த்துக்கொள்ளும் பாசமுள்ள தம்பி.

அக்காவிடம் காட்டிக் கலாய்ப்பதாகத் திட்டம். மருந்துக்கடை வேலை முடிந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டாள். விட்டுவிட்டேன்.

மார்ச் 6

ஆந்தைக்கே வெற்றி. சாப்பாட்டு மேசையில் தீர்ப்பு வாசித்தேன்: "மூணையும் அக்குவேறு ஆணிவேறா அலசியாச்சு."

"லிஃப்டைக்கூட நான் இப்படிச் சோதிச்சதில்லடா" என்றார் அப்பா.

கடவுச்சொல்லை எல்லோருக்குமாக ஃபிரிட்ஜில் ஒட்டினேன்.

மார்ச் 9

ஆந்தை தூங்குகிறது. அப்பாவுக்கு மூக்கில் ரத்தம். சட்டை வாளியில் ஊறுகிறது.

மார்ச் 11

பள்ளி விட்டு வந்தால் அம்மாவின் தையல் மிஷின் சத்தமே இல்லை. பாதி தைத்த திரைச்சீலை தரையில் கிடந்தது. மூன்று பேரும் கணினி முன்னால்.

"ஆந்தை கண்டுபிடிச்சிருச்சுடா" என்றாள் அம்மா.

அதே தாய் பெயர். அதே தகப்பன் பெயர். ஆண். அப்பாவுக்கு இரண்டு ஆண்டு இளையவர். கீழே: 'உயிருடன் இருப்பவர் என்பதால் மற்ற விவரங்கள் மறைக்கப்பட்டுள்ளன.'

அவர் தொழில் என்னவென்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

அக்கா என் தலையில் கை வைத்தாள். "குரங்கே, நீ எடுத்ததுதான்டா கண்டுபிடிச்சது." பிறந்ததிலிருந்து அவள் என்னைப் பாராட்டியது இதுதான் முதல் தடவை. அப்போதே சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். "நான்தான் சொன்னேன்ல" என்று வந்தது.

என்ன வாய்டா இது?

அந்த மரத்தைப் போட்டவருக்கு அக்கா தன் போனிலிருந்து கடிதம் அனுப்பிவிட்டாள். அதாவது எனக்கு.

மார்ச் 12

படித்தேன். "ஐயா, உங்களைத் தொந்தரவு செய்வதற்கு மன்னிக்கவும்" என்று ஆரம்பிக்கிறது. அக்கா யாரிடமும் இவ்வளவு பணிவாகப் பேசி நான் கேட்டதில்லை.

மார்ச் 15

அக்காவுக்கு ரத்தம் குறைவு. அதனால் என் மஜ்ஜையை எடுப்பதாக இருந்தது. "பாதிப் பொருத்தத்துல ஆபத்து அதிகம். தம்பி இருக்கார்னா பதில் வரட்டும், கொஞ்ச நாள் பார்ப்போம்" என்று டாக்டர் தள்ளிவைத்துவிட்டார்.

பதில் எங்கிருந்து வரும்?

நாளைக்குச் சொல்கிறேன்.

மார்ச் 16

நாளைக்கு.

மார்ச் 19

இன்னொரு கடிதம். அப்பா சொல்லச் சொல்ல அக்கா போனில் தட்டியது.

"தம்பி, நான் உன் அண்ணன். உடம்பு சரியில்லைன்னு மகள் எழுதியிருப்பா. அதை விடு. நீ வரலைன்னாலும் பரவாயில்லை. அம்மா எப்படி இருப்பாங்கன்னு உனக்கு ஞாபகம் இருந்தா, ஒரு வரி எழுது."

குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மார்ச் 20

'சித்தப்பா இறந்துவிட்டார்' என்று பதில் தட்டினேன். ஸ்பேஸ் பட்டன் இல்லாததால் எல்லாம் ஒட்டிக்கொண்டு ஒரே வார்த்தையாக நின்றது. பொய்க்கு மேல் பொய். அழித்தேன்.

மார்ச் 23

சொல்லிவிட்டேன். ஆஸ்பத்திரியில், அப்பாவுக்கு ரத்தம் ஏறிக்கொண்டிருந்தபோது. கணக்கைத் திறந்து, அவர் கடிதத்தை அவருக்கே காட்டினேன்.

"அப்ப எனக்குத் தம்பி இல்லையா?"

"தெரியலப்பா. இது நான் போட்டது. விளையாட்டுக்கு."

ரத்தப் பையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பன்னெண்டு நாளா மனசுக்குள்ள அவன்கிட்ட பேசிட்டு இருந்தேன்டா."

பிறகு, "அவனுக்கு என்ன வேலை குடுத்திருந்தே?" என்றார். லிஃப்ட் பட்டன் வேலையைச் சொன்னேன். சிரிக்கவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அம்மா அடிக்கவில்லை. அடித்திருக்கலாம்.

மார்ச் 29

அக்கா என்னைக் குரங்கு என்று கூப்பிடுவதில்லை. பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள்.

ஏப்ரல் 14

இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையை எடுத்துவிட்டார்கள். ஊசியெல்லாம் எனக்குக் கொசுக்கடி என்று நர்ஸிடம் சொன்னேன். மயக்கம் தெளிந்ததும் "அம்மா" என்று கத்தினேனாம்.

காத்திருந்த நாட்களில் கெட்ட அணுக்கள் கூடிவிட்டதாக அம்மாவிடம் டாக்டர் சொன்னதைக் கேட்டேன். "பிழைச்சிருவாரா" என்று அம்மா கேட்டதற்கு, "பார்க்கலாம்மா" என்றார்.

கண்ணாடி அறைக்குள் என் மஜ்ஜைப் பை அப்பாவின் தலைக்கு மேல் தொங்குகிறது. சக்கர நாற்காலியில் வெளியே இருந்தேன். மொட்டைத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். மெதுவாக விரலை நீட்டி, காற்றில் மேலிருந்து கீழாக ஒவ்வொரு பட்டனாக அழுத்திக் காட்டினார். பிறகு கையைப் போட்டுவிட்டார்.

இதையும் எழுதிவிடுகிறேன். மார்ச் 6 அன்று எழுதியது பொய். மூன்றையும் நான் அலசவில்லை. இரண்டாவது 'எல்லோருக்கும் காட்டலாமா' என்று கேட்டபோது படிக்காமல் 'சரி' அழுத்தினேன். மூன்றாவதை எடுத்ததற்கு ஒரே காரணம்தான். ஆந்தைப் படம் நன்றாக இருந்தது.