மடியிலேயே இருந்த கை

சனிக்கிழமை, கிள்ளான், மலேசியா.

கோயில் திருவிழாக் கூட்டத்துக்குப் போய் வந்தேன். மூன்றாம் நாள் உபயம் எப்போதும் செல்வம் குடும்பத்துடையது. அவர் மகள் ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டாளாம். அதனால் அவர்களுக்கு இனி உபயம் கிடையாது என்றார் தலைவர்.

"ஒத்துக்கறவங்க கை தூக்குங்க."

எல்லாக் கைகளும் உயர்ந்தன. என் கை மட்டும் மடியிலேயே இருந்தது.

"என்னா சேகர், கை வலிக்குதா?"

எல்லாரும் சிரித்தார்கள்.

"இல்ல தலைவரே. அந்தப் பொண்ணு யாரைக் கும்பிடணும்னு அவ முடிவு பண்ணிக்கட்டும். அதுக்கு அப்பாவோட உபயத்தை ஏன் புடுங்கணும்?"

"அப்ப உங்க உபயத்தையும் யோசிக்கணும் லா" என்றார், சிரித்துக்கொண்டே.

வெளியே செருப்பு மாட்டும்போது முனியாண்டி என் காதோரம் வந்து, "நீங்க சொன்னதுதாண்ணே சரி" என்றார். கூட்டத்துக்கு என் காரில் வந்தவர், திரும்பும்போது தலைவர் காரில் ஏறிக்கொண்டார்.

செல்வத்தை எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. விஷயம் தெரிந்தால் நாளைக்கே நன்றி சொல்ல வந்து நிற்பார். அதை எந்த முகத்தோடு வாங்கிக்கொள்வது? தலைவர் சிரிக்காமல் இன்னொரு முறை கேட்டிருந்தால், நானும் தூக்கியிருப்பேனோ என்னவோ.