ஹெட்கியர் வல்லூறும் இரண்டு கேமராவும்

மார்ச் 9, ஞாயிறு

இல்லை, என் கை நடுங்கவில்லை. கேமராதான் ஃபோகஸ் பிடிக்கத் தாமதம். காலையிலேயே வெயில், தூசிக் காற்று. மூடிக் கிடக்கும் சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்து ஹெட்கியரில், ஆட்களைச் சுமந்து கேஜ் என்கிற கூண்டு ஏறி இறங்கிய அந்த இரும்புக் கோபுரத்தின் உச்சியில், வல்லூறு கூடு. காலில் புறாவோடு வந்தது. எடுத்தேன். எல்லாப் படத்திலும் இரும்புக் கம்பி துல்லியம், பறவை ஒரு கறை.

பதினேழாம் தேதி, திங்கட்கிழமை, கோபுரத்தை அறுக்கிறார்கள். பழைய இரும்புக்கு. வெள்ளிக்கிழமை வன அலுவலகத்தில் அதிகாரி கன்னடத்தில் சொன்னது: கூட்டில் குஞ்சு இருப்பதற்கு ஆதாரம் வேண்டும். இரையோடு உள்ளே நுழைகிற படம், தெளிவாக. இருந்தால் நிறுத்தச் சொல்கிறேன்.

நியாயமாகத்தான் பேசினார். அதுதான் கஷ்டம்.

மார்ச் 11, செவ்வாய்

வேலைக்குப் போகும் பெங்களூர் ரயில். உட்கார இடமில்லை. வாங்குவதற்கு, போனில் லென்ஸ் இல்லாத இரண்டு கேமரா பாடி, மாற்றி மாற்றிப் பார்த்தேன்.

ஒன்று: செகண்ட் ஹேண்ட் டிஎஸ்எல்ஆர். கனம். என் லென்ஸ் அப்படியே பொருந்தும். ஷட்டர் சத்தம் சம்மட்டி.

இன்னொன்று: மிரர்லெஸ். பறவையின் கண்ணைத் தானே தேடிப் பிடிக்கும். சத்தமே இல்லாமலும் எடுக்கலாம். என் லென்ஸுக்கு நடுவில் ஓர் அடாப்டர் வேண்டும்.

எதிர் வீட்டு ஸ்டெல்லா அக்கா எட்டிப் பார்த்தார். "இன்னாடி, பொண்ணு பாக்க வந்த மாமியார் மாதிரி இத்தினி கொற சொல்ற? ஒண்ண கட்டிக்கோயேன்."

"தப்பானத எடுத்துட்டா?"

"எல்லாரும் அப்டித்தான் எடுத்தோம்."

பெட்டியே சிரித்தது.

மார்ச் 14, வெள்ளி

கடை. மிரர்லெஸ், வாரக்கடைசிக்கு வாடகை. பிடித்தால் வாங்கலாம். எதிர்க் கட்டடத்துப் புறாவைப் பிடித்துப் பார்த்தேன். கண்ணில் சட்டென்று பச்சைச் சதுரம். அழுகை வந்தது, கடையில்.

மார்ச் 16, ஞாயிறு

கூட்டைக் கலைக்கக் கூடாதென்று சத்தமில்லாத ஷட்டர். வல்லூறு வந்தது, காலில் மைனா. பறவையோடு கேமராவைத் திருப்பிக்கொண்டே விடாமல் எடுத்தேன். நுழைந்தது. கிடைத்துவிட்டது. கண் ஊசிமுனைத் துல்லியம்.

அப்பாவிடம் காட்டினேன். சுரங்கம் மூடும்வரை அதே கேஜில் இறங்கியவர்.

"இன்னாம்மா இது, ஹெட்கியர் சாஞ்சிகீது?"

"பறவையப் பாருப்பா."

"பறவ சரி. இது நம்ம ஹெட்கியர் இல்ல. நம்மது சாயாது."

சத்தமில்லாத ஷட்டர் காட்சியை வரி வரியாகப் பதியும். கேமரா வேகமாகத் திரும்பினால் நேர்க்கோடு சாயும். எங்கோ படித்திருந்தேன். படித்திருந்தேன்!

வேறு படம் இல்லை. மாலை அதையே அதிகாரிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பதில்: டவர் சாய்ந்திருக்கிறதே, கம்ப்யூட்டரில் செய்ததா?

விளக்கம் எழுதினேன். நீளமாக. நீலக் குறி வரவில்லை.

மார்ச் 17, திங்கள்

வேலைக்குப் போகவில்லை. வெயில் ஏறுமுன் ஆட்கள் வந்துவிட்டார்கள். கேஸ் கட்டர். ஷட்டரைச் சத்தம் போடுகிற மெக்கானிக்கலுக்கு மாற்றியிருந்தேன். அறுக்கிற இரைச்சலில் இந்தச் சத்தம் எந்த மூலைக்கு. வல்லூறு இரையோடு வந்தது. சுற்றியது. சுற்றியது. உள்ளே போகவில்லை. கீழே தீப்பொறி.

எல்லாப் படமும் தெளிவு. ஹெட்கியர் நேராக நிற்கிறது. நகத்தில் தொங்கும் இறகு வரை எண்ணலாம். கூட்டுக்கு வெளியே.

அறுக்க வந்தவர்களில் ஒருவர் கத்தினார்: "ஏம்மா, தள்ளி நில்லு. மேல வுழுந்துடப் போவுது."

தள்ளி நின்றேன். பிறகு நேற்றைய படமும் இன்றைய படமும் இருக்கிற மெமரி கார்டை எடுத்துக்கொண்டு வன அலுவலகத்துக்கு ஆட்டோ பிடித்தேன்.