ஹார்ட் டிஸ்க்குக்கு வைத்த சந்தனம்

12.10.2005, திண்டிவனம்

விழுப்புரத்தில் வாங்கிய இரண்டாவது ஹார்ட் டிஸ்க்கை இன்று பழைய கம்ப்யூட்டரில் மாட்டினேன். திரையில் புதிதும் தெரியவில்லை, மகளின் கல்யாணப் படங்கள் இருக்கும் பழையதும் காணோம். அந்தப் படங்களுக்கு வேறு பிரதி கிடையாது.

ஜம்பர் என்ற குட்டிக் கிளிப்பை எங்கே செருகுவது என்று புது டிஸ்க்கின் லேபிளிலேயே படம் இருக்கும் என்றார் கடைக்காரர், போனில். சரியாக அந்த இடத்தில்தான் நேற்று ஆயுத பூஜைக்கு என் மனைவி மல்லிகா சந்தனத்தை அப்பியிருந்தாள்.

"ஏங்க, பூஜை போட்டதப் போய் தொடைக்கிறீங்களே!"

துடைத்தேன். கிளிப்பை மாற்றியதும் இரண்டும் வந்துவிட்டன. ஒரு கிளிப்புக்காக இரண்டு டிஸ்க்கும் ஏன் ஒளிந்துகொண்டன? இன்னும் புரியவில்லை.

"நம்ம பாப்பா எதுல கீறா?" என்றாள்.

பழையதைக் காட்டினேன். அதற்கும் ஒரு பொட்டு வைத்தாள், லேபிள் படத்தை விட்டுத் தள்ளி.