மடக்காத குடை

ஜூலை 9, புதன்

ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு ஓர் இங்கிலாந்துப் படம் போட்டுக் காட்டினேன். அதில் ஒரு சுரங்கத் தொழிலாளி, கால்சட்டைப் பைக்குள் விட்ட கையை எடுக்காமலே மேனேஜரிடம் பேசுவான்.

"வெள்ளக்காரங்கள்லயும் கூலி வேல செய்றவங்க இருக்காங்களா?" என்று கேட்ட அப்பா, அந்த இடத்தை மறுபடியும் போடச் சொன்னார்.

இன்று இருவரும் லிந்துலை டவுனுக்கு நடந்துபோனபோது நல்ல மழை. எதிரே எங்கள் தேயிலைத் தோட்டத்துத் துரையின், அதாவது மேனேஜரின், ஜீப் வந்தது. துரையைக் கண்டால் எந்த மழையிலும் மரியாதைக்காகக் குடையை மடக்கிக்கொண்டு ஒதுங்குகிற தொழிலாளி அப்பா. இன்று மடக்கவில்லை. ஜீப் போய்விட்டது.

"என்னப்பா, குடைய மடக்கல?"

"மழ பெய்யுதுல்ல" என்றார்.

நாளைக்கு யாராவது ஏதாவது சொல்வார்கள். சொல்லட்டும்.

அவருடைய இன்னொரு கை ஸ்வெட்டர் பைக்குள் இருந்தது. ஜீப் கடந்து போகும்வரை அது வெளியே வரவில்லை.