கிழவரின் ஆறாவது பாட்டு

அன்புள்ள இடிக்கு,

நலம்தானே? கிரேன்மேல் ஏறி உட்கார்ந்தால் கீழே நிற்கிற மனிதர்கள் எறும்பாகத் தெரிகிறார்கள் என்பாய். அதற்காக நண்பனின் போனைக்கூட எடுக்காமல் இருப்பதா? வேறு வழியில்லாமல் கடிதம் எழுதுகிறேன். இதையும் பிரிக்காமல் மூலையில் போட்டால் நீ உருப்படமாட்டாய்.

முதலில் நல்ல செய்தி. நம் கிழவரின் புது ஆல்பத்தை நேற்றும் முழுக்கக் கேட்டேன். எழுபதைத் தாண்டிய பாடகர்! ஹெவி மெட்டல் என்றால் வெறும் இரைச்சல் என்கிறவர்களைப் பிடித்து உட்காரவைத்து அந்த ஆறாவது பாட்டைப் போட வேண்டும். இரண்டு கிட்டாரும் ஒரே மெட்டை, ஒன்று மேலே ஒன்று கீழே, சேர்ந்தே வாசித்துக்கொண்டு போகின்றன. டிரம் தடதடவென்று பின்னால் துரத்துகிறது. குரல் முன்போலக் கூரையைப் பிய்க்கவில்லைதான். ஆனால் மெட்டை நிதானமாக இழுத்துப் பல்லவியில் கொண்டுவந்து இறக்குகிறார் பார், உடம்பு சிலிர்த்துப் போகிறது. பல்லவிக்கு முன்னால் அவர் மூச்சு இழுக்கும் சத்தத்தை வெட்டாமல் விட்டிருக்கிறார்கள், கவனித்தாயா? எங்கள் ஷெட்டில் பஸ்ஸுக்குத் தகரம் தட்டுகிறவர்கள்கூட இப்போது அந்தத் தாளத்துக்குத்தான் சுத்தியலைப் போடுகிறார்கள். முதலாளிக்குத்தான் தலைவலி.

மற்ற செய்தி உனக்குத் தெரியும். என் மனைவி சொல்லியிருக்கிறாள். தொண்டையில் புற்றுநோய். வருகிற வெள்ளிக்கிழமை குரல்வளையை முழுதாக எடுத்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு கழுத்தில் போடும் துளை வழியாகத்தான் மூச்சு. பாட முடியுமா என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என் மனைவியைப் பார்த்தார்.

அவள் விஷயத்தைச் சொன்னதும் நீ போனை வைத்துவிட்டாயாம். அன்றிலிருந்துதான் நீ எடுப்பதில்லை. காரணம் எனக்குத் தெரியாதா? ஆல்பம் வந்த புதிதில் நான் கூடவே பாடிப் பதிவு செய்து உனக்கு அனுப்பினேன். தொண்டை கட்டிக் கரகரவென்று இருந்தது. நீ கேட்டுவிட்டு, "டேய் சங்கு, குரல் பழுத்துடுச்சுடா! அசல் கிழவரேதான். இத விட்டுடாத" என்று குதித்தாய். எனக்குத் தலைகால் புரியவில்லை. கரகரப்பு போய்விடக் கூடாதே என்று தினமும் கத்தினேன். டாக்டரைப் பார்க்கச் சொன்ன மனைவியிடம், "மருந்து சாப்பிட்டா வந்த குரலும் போயிடும்" என்று சண்டைக்குப் போனேன். நாம் பாட்டுக் குழு வைத்திருந்த காலத்தில் இப்படி ஒரு குரலுக்கு எவ்வளவு ஏங்கியிருப்போம்! இந்த முட்டாள்தனம் நம் இரண்டு பேரைத் தவிர வேறு யாருக்கும் வாய்க்காது.

உன்மேல் கோபம் இருந்தது. மறைக்கவில்லை. ஒரு நாள் முழுக்க, இருக்கிற குரலையெல்லாம் செலவழித்து உன்னைத் திட்டினேன். பிறகு அந்தப் பதிவைப் போட்டுக் கேட்டேன். நன்றாகத்தான் பாடியிருக்கிறேன்டா. நீ சொன்னதில் பொய் இல்லை.

நான் எழுதிக் காட்டுவதற்கு என் மனைவி ஒரு சிலேட்டுப் பலகை வாங்கி வைத்திருக்கிறாள். "உங்க கையெழுத்தப் படிக்கிறதுக்கு உங்க கத்தலே தேவல" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பிறகு சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். ரொம்ப நேரம் மூடவேயில்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது, இடி. செத்துப்போவேன் என்று இல்லை. ஆலைச் சங்கோடு போட்டி போட்டுக் கத்தியவன் என்றுதானே நீ எனக்கு இந்தப் பெயரை வைத்தாய்? சனிக்கிழமை காலையில் கண் விழிக்கும்போது நான் யாராக இருப்பேன் என்று தெரியவில்லை.

வெள்ளிக்கு முன்னால் ஒரே ஒரு தடவை போனை எடு. ஆறாவது பாட்டின் பல்லவியை மேல் சுருதியில் நான் பாடுகிறேன். வழக்கம்போலக் கீழ்ச் சுருதியில் நீ சேர்ந்துகொள். உனக்குச் சுருதி சேராது, பரவாயில்லை. மன்னிப்பு கின்னிப்பு என்று ஆரம்பித்தால் வைத்துவிடுவேன்.

உயரத்தில் வேலை செய்கிறவன், பார்த்து ஏறி இறங்கு. நன்றாக இரு.

எடுக்கத் தைரியம் வரவில்லை என்றாலும் நான் விடப்போவதில்லை. வெள்ளிக்குப் பிறகும் கூப்பிடுவேன். இந்தப் பக்கம் யாரும் பேச மாட்டார்கள், பாட்டு மட்டும் ஓடும். பல்லவி வரும்போது என் பாகத்தையும் சேர்த்து நீயே பாடு. நான் கேட்டுக்கொண்டுதான் இருப்பேன், வைத்துவிடாதே.

என்றும் உன்,
சங்கு